குமாஸ்தாவின் குறிப்பேடு: பிறந்த தேதி இரண்டு



சென்ற இதழில், ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்றினைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த டோம்பிவிலி அன்பர் ஒருவர் காலை வண்டியில் என்னைக் கண்டு, "உயிரோடிருப்பதற்குச் சான்று காட்டும் வழியை எழுதிவிட்டீர்கள், பிறந்ததற்குச் சான்று காட்டும் வழியையும் எழுதக் கூடாதா?" என்று கேட்டார். அவருடைய மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுப் பெற்றோரைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள மனுச் செய்திருக்கிறாராம். காகிதங்களைத் தேடத் தொடங்கியபோதுதான், தம்மிடம் எல்லாக் காகிதமும் உண்டு, பிறப்புச் சான்று மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரிய வந்ததாம்.

இது அவர் ஒருவருடைய தொல்லை அன்று. இந்தியாவில் அமெரிக்கக் குடியேற்ற விசாவிற்கான பேட்டி பெரும்பாலும் நம் மும்பையில், பாந்திரா-குர்லா வளாகத்திலுள்ள துணைத் தூதரகத்திலேயே நடைபெறுகிறது. ஆதலின் நம்மவர்க்கு மட்டுமன்றி, ஊரிலிருந்து பேட்டிக்கென்று வரும் சித்தப்பா, அத்தை, சம்பந்தி ஆகிய யாவர்க்கும் நம் வீட்டுக் கூடமே சத்திரமாகிறது. பெட்டியைத் திறந்து அவர்கள் காகிதங்களைப் பரப்பும்போது, "இது சரியா, பாருங்கள்" என்ற கேள்வி நம்மிடம் வந்துவிடுகிறது.

நான் வக்கீல் அல்லன். ரெயில்வேயில் ஊழியர்களின் பணிப் பதிவேடுகளைப் பராமரிக்கும் பிரிவில் எழுதுவினைஞன். பிறந்த தேதியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன் என்ற ஒரு தகுதியே எனக்குண்டு. அத்துடன், நானே உடனிருந்து பார்த்த ஒரு வழக்கும் உண்டு. அதில் என் பிழையும் ஒன்று கலந்திருந்தது. அதனையே இங்குச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ரெயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் மனைவியாருடன் வசித்து வந்தார். தென்காசிப் பக்கத்துக் கிராமம். நான் அவரைப் பெரியப்பா என்றும், அவ்வம்மையாரைப் பெரியம்மா என்றும் அழைப்பேன், உறவன்று, பழக்கந்தான். அவர்களுக்கு ஒரே மகன். அவன் இங்கேயே பிறந்து, படித்து, அமெரிக்கா சென்று குடிமகனாகி, 2021ஆம் ஆண்டில் பெற்றோருக்காக மனுச் செய்தான். இருபத்தொரு வயது நிரம்பிய குடிமகன் தன் பெற்றோரை அழைப்பதற்கு ஆண்டுக்கணக்கான வரிசை கிடையாது. உடன்பிறந்தாருக்காகச் செய்யும் மனுவோ, இந்தியர் வரையில், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துக் கிடக்கிறது. ஒன்றைமட்டும் பலர் அறியார்: தந்தைக்கு ஒரு மனு, தாய்க்கு ஒரு மனு எனத் தனித்தனியே செய்தல் வேண்டும். ஒருவர் மனுவில் மற்றவர் ஒட்டிக்கொண்டு போக இயலாது.

மனு ஏற்கப்பட்ட பின்னர், வழக்கு நியூ ஹாம்ஷயர் மாநிலத்துப் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள தேசிய விசா மையத்திற்குச் செல்கிறது. டி.எஸ். 260 என்னும் படிவத்தையும், பிறப்பு, மணம், போலீசு நன்னடத்தை ஆகியவற்றின் சான்றுகளையும், மகன் கொடுக்கும் ஆதரவுப் பிரமாணத்தையும் கணினி வழியே அவர்களுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் சரியென்று அவர்கள் கண்ட பிறகே மும்பைப் பேட்டிக்கு நாள் குறிக்கப்படும். ஆதரவுப் பிரமாணம் மகனுடைய பொறுப்பு; குடும்பத்தின் தலைக்கணக்கில் வரப்போகும் பெற்றோரையும் சேர்த்து, அந்நாட்டு அரசு வகுத்துள்ள வறுமை அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானத்தை அவன் காட்ட வேண்டும். போதாதெனில் வேறொருவர் கூட்டுப் பொறுப்பேற்கலாம். அதைப் பற்றி நாம் இங்கு அதிகம் கவலையுற வேண்டுவதில்லை.

நம் கவலை பிறப்புச் சான்றுதான். பெரியப்பாவின் காகிதங்களை நான் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். பள்ளிச் சான்றில் 1-6-1951. அதைக் கொண்டு எழுதிய பணிப் பதிவேட்டிலும் அதுவே. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்திய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுவர் என்ற விதிப்படி, 31-5-2011இல் அவர் ஓய்வு பெற்றார். பாஸ்போர்ட்டிலும் அத்தேதியே. ஆதார் அட்டையில் 1-1-1951. மஞ்சள் தடவிய பழைய ஜாதக நோட்டிலோ, விகிருதி ஆண்டு ஐப்பசி மாதம். அதாவது 1950ஆம் ஆண்டின் அக்டோபர் அல்லது நவம்பர்.

"நான் என்றைக்குப் பிறந்தேன் என்பதை நீதான் தம்பி சொல்ல வேண்டும்" என்று சிரித்தார் பெரியப்பா.

சிரிப்பதற்குரியதாயினும் புதுமையன்று. அக்காலத்தில் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கச் சென்றால், வாத்தியார் ஆளைப் பார்த்து, வயதை மதித்து, ஜூன் மாதத்துத் தேதி ஒன்றை எழுதிவிடுவார். எங்கள் அலுவலகத்துப் பழைய பதிவேடுகளைப் புரட்டினால், தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்தனர் போலும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு ஒரு முறை ஏறிய தேதியை, எழுத்துப் பிழை போன்ற தக்க காரணமின்றி மாற்றலாகாது என்பது ரெயில்வே விதித்தொகுப்பின் 225ஆவது விதி.

பிறப்புப் பதிவைப் பற்றி ஒரு சொல். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பெற்று, நாட்டின் பெரும்பகுதியில் 1970 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கு முன்னரே, 1899ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிராம முன்சீபு பதிவு செய்து வந்தார் என்பது உண்மையே. ஆயினும் பிள்ளை பிறந்த வீட்டார் போய்ச் சொன்னால்தானே அவர் எழுதுவார்? எழுதிய இடங்களிலும் பெயர் இராது. 'ஆண் குழந்தை' என்றோ 'பெண் குழந்தை' என்றோ தகப்பனார் பெயரோடு நின்றிருக்கும். அந்நகல் கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள். பெற்றோர் பெயரும் தேதியும் ஊரும் ஒத்திருப்பின் அதுவும் நல்ல சான்றே.

1970 ஏப்ரலுக்கு முன் பிறந்து, பதிவு இல்லாதவர்களுக்கு அமெரிக்க அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. பதிவேட்டைத் தேடிப் பார்த்தோம், இவர் பிறப்பு அதில் இல்லை என்று உரிய அதிகாரி தரும் 'பதிவு இல்லை' என்னும் சான்று ஒன்று; அதனுடன் ஒரு பிரமாணப் பத்திரம். அந்தப் பிரமாணத்தைத் தாய் தந்தையர் செய்ய வேண்டும். அவர்கள் இல்லையேல், விண்ணப்பதாரரைவிட வயதில் மூத்த நெருங்கிய உறவினர் செய்ய வேண்டும். தமக்கும் அவருக்கும் என்ன உறவு, பிறப்பைத் தாம் எவ்வாறு அறிவார், தேதி, ஊர், பெற்றோர் இருவர் பெயர் ஆகியவற்றை அது தெளிவாகச் சொல்லல் வேண்டும்.

என் பிழை இவ்விடத்தில்தான் நேர்ந்தது. குமாஸ்தா மூளை அல்லவா! அவர் பிறந்ததைப் பற்றி அவரே பிரமாணம் செய்தால் போதாதா என்று எண்ணி, பெரியப்பாவையே கையொப்பமிடச் செய்து, பள்ளிச் சான்றையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். ஏற்கவில்லை என்று பதில் வந்தது. தாம் பிறந்ததற்குத் தாமே சாட்சியாக எவரும் நிற்க முடியாது என்பது, பதில் வந்த பின்புதான் எனக்கு உறைத்தது. மருமகளுக்குப் பிரசவ காலம் நெருங்கிக்கொண்டிருந்தது; பெரியம்மா அதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். என் அவசரத்தால் இரண்டு மாதம் வீணாயிற்று. அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிதும் வருத்தமாயிருந்தது.

இந்த இடைவெளியில்தான் பெரியப்பாவின் மைத்துனர் மகன் ஒருவன் ஒரு தரகரை அழைத்து வந்தான். தரகர் நல்ல பேச்சுக்காரர். "எதற்கு இந்த அலைச்சல்? பாஸ்போர்ட்டில் உள்ள தேதியையே போட்டு, முத்திரையோடு பிறப்புச் சான்று ஒரே வாரத்தில் வாங்கித் தருகிறேன், எல்லாக் காகிதமும் ஒன்று போல் இருக்கும்" என்றார். பெரியப்பாவின் முகத்தில் ஆசை தெரிந்தது. எல்லாம் ஒன்று போல் இருக்க வேண்டுமென்று நான்தானே அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்!

"பெரியப்பா, தேதி மாறியிருப்பது குற்றமன்று, வாத்தியார் செய்தது. இல்லாத பதிவை உண்டென்று காட்டினால் அது நீங்கள் செய்தது" என்றேன். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில், முக்கியமான செய்தியில் பொய்க் காகிதம் காட்டியவர் வாழ்நாள் முழுதும் அந்நாட்டினுள் நுழையத் தகுதியற்றவராவர். பொய்ச் சான்று பிடிபட்டால், பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் சுற்றுலா விசாவும் கிட்டாது. அவர்கள் ஐயுற்றால், ஊர் அலுவலகத்திற்கே கேட்டனுப்பிச் சரிபார்ப்பர். பெரியம்மா உள்ளே சென்று, தரகருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "குடிச்சிட்டுக் கிளம்புங்க, தம்பி" என்றார். அத்துடன் அப்பேச்சு முடிந்தது.

நான் விடுப்பில் ஊருக்குச் செல்ல வேண்டியிருந்தது. பெரியப்பாவும் நானும் 2022ஆம் ஆண்டு கல்யாணில் நாகர்கோவில் வண்டி ஏறினோம். பழைய பதிவேடுகள் சில தாலுகா அலுவலகத்திலும், சில சார்பதிவாளர் அலுவலகத்திலுமாகக் கிடந்தன. இரண்டிடத்திலும் எழுதிக் கொடுத்தோம். 1950, 1951 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் தேடுமாறு கேட்டது நல்லதாயிற்று. ஓராண்டை மட்டும் தேடியிருந்தால் மற்றதைப் பற்றிக் கேள்வி எழுந்திருக்கும். அவர் பெயரோ, அவருடைய தகப்பனார் பெயரோ எங்கும் இல்லை. பத்து நாட்களில் 'பதிவு இல்லை' என்ற சான்று கிடைத்தது.

பிரமாணம் செய்யத் தக்கவர் பெரியப்பாவின் தமக்கையார் ஒருவரே. எண்பத்தொரு வயது, தம்பி பிறந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி. திண்ணையில் அமர்ந்து, நான் எழுதிக்கொண்டு போனதை வாசிக்கக் கேட்டார். 'எனது தம்பி 1951ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியில் பிறந்தார்' என்ற வரி வந்ததும் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"இவன் பிறந்தது தென்காசிக் கோவிலில் ஐப்பசித் திருக்கல்யாணம் நடந்தபோது. அம்மாவுக்கு வலி கண்டதால் என்னைத் திருவிழாவுக்கு விடவில்லை. நான் அழுதுகொண்டே இருந்தேன். வைகாசியில் பிறந்தான் என்று நான் எப்படிக் கைநாட்டு வைப்பேன்?" என்றார்.

பெரியப்பா, "அக்கா, பாஸ்போர்ட்டில் அப்படி இருக்கிறதே" என்று கெஞ்சினார். "இருந்தால் இருக்கட்டும். அதை எழுதினவன் வந்து கைநாட்டு வைக்கட்டும்" என்றார் அவர்.

அவர் சொன்னதே நியாயம். நான் எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தாம் நேரில் அறிந்தவரை தம்பி 1950ஆம் ஆண்டு ஐப்பசியில் இன்ன ஊரில், இன்ன பெற்றோருக்குப் பிறந்தார். பிறப்பைப் பதிவு செய்யவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் 1-6-1951 என்று எழுதினார். அதன்பின் எல்லா அரசாங்கக் காகிதங்களும் அத்தேதியையே பின்பற்றின. இரண்டும் ஒரே மனிதரைக் குறிப்பனவே. இவ்வளவும் அதில் இருந்தன. தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, நோட்டரி முன்னிலையில் அவர் பெருவிரல் ரேகை வைத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் சேர்த்தோம். மொழிபெயர்ப்பவர், தமக்கு இரு மொழியும் நன்கு தெரியும், மொழிபெயர்ப்பு பிழையற்றது என்று எழுதிக் கையொப்பமிடுதல் அவசியம். தமிழிலுள்ள எச்சான்றுக்கும் இதுவே முறை. படிவத்தில் மட்டும் பாஸ்போர்ட் தேதியையே எழுதினோம். அத்தோடு அவர்கள் திருமணத்தையும் அவ்வூரிலேயே பதிவு செய்துகொண்டு திரும்பினோம். 1976இல் நடந்த கல்யாணத்திற்குச் சாட்சி சொல்ல இன்னும் நால்வர் இருந்தது அவர்கள் பாக்கியம்.

பெரியம்மாவின் வழக்கு வேறு. அவருடைய பிறப்பு பதிவாகியிருந்தது. மகனுடைய பிறப்புச் சான்றிலேதான் சிக்கல். தாய்க்குச் செய்யும் மனுவில் மகனின் பிறப்புச் சான்றே அடிப்படை. அதில் தாயின் பெயர் இருத்தல் வேண்டும். தந்தைக்கென்றால் பெற்றோரின் மணச் சான்றும் சேரும். 1979இல் இங்குப் பிரசவம் நடந்தபோது, ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டவர்களிடம் யாரோ 'பாப்பா' என்று வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டிருக்கின்றனர். நாற்பது ஆண்டுக் காலம் அது யார் கண்ணிலும் படவில்லை. இதற்குச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் வழியுண்டு. பிழையென்று தெளிவானால், பதிவாளர் மூல எழுத்தை மாற்றாமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதித் தேதியுடன் கையொப்பமிடுவார். எங்கள் பதிவேடுகளிலும் ஏறத்தாழ இவ்வழக்கமே: சுரண்டலாகாது, மேலே எழுதலாகாது, பிழையைக் கோடிட்டு, படிக்கும்படி விட்டு, சரியானதை எழுதி அதிகாரி கையொப்பமிட வேண்டும். பழைய எழுத்து தெரிந்தால்தான் புதிய எழுத்தை நம்பலாம். நகராட்சிக்கு நாலைந்து முறை நடந்தபின் அத்திருத்தம் கிடைத்தது.

பெயரைப் பற்றி இன்னும் சிறிது சொல்லியாக வேண்டும். நம்மவர்க்கு இதில் விசேஷத் தொல்லை. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆகவே மகனுக்குத் தகப்பன் பெயர், மனைவிக்குக் கணவன் பெயர், பேரனுக்கு மகன் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் விளங்கும். மும்பையில் பிறந்த குழந்தைகளுக்கோ பள்ளியில் மராத்தியர் முறைப்படி தன் பெயர், தகப்பன் பெயர், அதன்பின் குடும்பப் பெயரென்று எதையேனும் எழுதிவிடுவர். லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி என்பன ஆங்கிலத்தில் ஏறும்போது எத்தனை உருவம் கொள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வுருவத்தையும் மறைக்காதீர்கள். டி.எஸ். 260 படிவத்தில் வேறு பெயர்களால் அறியப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. காகிதங்களில் உள்ள எல்லா உருவங்களையும் அங்கே எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்து விரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் தொடக்கத்திலேயே பாருங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பின், விசாவில் அது குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி, முதற்பெயருக்குரிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்ற மூன்றெழுத்து வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பது பொருள். இதைக் கேட்ட எங்கள் மாடியிலுள்ள பாட்டி ஒருவர், "எண்பது வயசுக்கு மேலே என்னைப் பேர் தெரியாதவளாக்கி விட்டார்களே" என்று வருந்தினார்.

போலீசுச் சான்று பதினாறு வயது நிரம்பிய யாவர்க்கும் வேண்டும். நம் நாட்டில் அதனைப் பாஸ்போர்ட் அலுவலகம் தருகிறது. ஊர் முகவரியில் பாஸ்போர்ட்டும், இங்கு வாசமும் உடையவர்கள் இப்போதுள்ள முகவரிக்குச் சான்று வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும்; இல்லையேல் விசாரணைக்கு வரும் காவலர் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்புவார். வளைகுடா நாட்டில் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவரெனில் அந்நாட்டுச் சான்று வேண்டுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளல் நலம்.

மருத்துவப் பரிசோதனையைத் துணைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும்; நம் குடும்ப வைத்தியர் சான்று செல்லாது. தடுப்பூசிக் காகிதங்கள் இருப்பின் எடுத்துச் செல்லுங்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே உண்டு. இளமையில் காசநோய் கண்டு குணமானவர்களுக்குப் பழைய தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்வர். அதன் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். அத்தகையோர் பேட்டிக்கு முதல் நாள் போய் நிற்கலாகாது. புகைப்படம் இரண்டங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி. 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடியுடன் எடுத்த படத்தை ஏற்பதில்லை.

பேட்டிக்கு 2023ஆம் ஆண்டு நாள் வந்தது. கணினியில் அனுப்பிய ஒவ்வொன்றின் மூலமும் கையில் இருக்க வேண்டும். நகல் ஒன்றும் சேர்த்தோம். பெரியப்பாவுக்கு ஒரு கட்டு, பெரியம்மாவுக்கு ஒரு கட்டு. உள்ளே கைபேசி கொண்டுபோக முடியாதாகையால், இருவர் கைபேசியையும் வாங்கிக்கொண்டு நான் வெளியே சாலையோரம் நின்றேன். உறவினரை அழைத்துச் செல்லும் அன்பர்கள் அதற்கென ஒருவர் உடன் செல்வதை மறவாதீர்கள்.

உள்ளே நடந்ததைப் பெரியப்பா பின்னர் சொன்னார். வலக்கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி கூறச் செய்தார்களாம். அதிகாரி தமக்கையாரின் பிரமாணத்தை நெடுநேரம் படித்துவிட்டு, உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் மூலம், "ஏன் இரண்டு தேதி?" என்று கேட்டாராம். "பள்ளி வாத்தியார் எழுதியது ஒன்று, என் அக்காவுக்குத் தெரிந்தது ஒன்று" என்று இவர் சொன்னாராம். "அக்கா இன்னும் இருக்கிறாரா?" என்று கேட்டதற்கு, "இருக்கிறார், ஊரில்" என்றாராம். வேறு கேள்வி அதைப்பற்றி இல்லை. ஏதேனும் குறையிருந்தால் 221(ஜி) என்னும் பிரிவைக் குறித்த சீட்டொன்று கொடுப்பர். அது முடிவான மறுப்பன்று, கேட்டதை ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே பொருள். பெரியப்பாவுக்குச் சீட்டு இல்லை. பெரியம்மாவுக்குக் கொடுத்தனர்: ஓரத்தில் திருத்தம் எழுதிய சான்றின் தெளிவான நகல் ஒன்று வேண்டும் என்று. நான் எடுத்த நகலில் ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அதைக் கொடுத்தபின் மூன்று வாரத்தில் அவருடைய பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

மருமகளின் பிரசவத்திற்கு அவர்கள் போய்ச் சேரவில்லை. குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோதே சென்றனர்.

அடுத்த இதழில், ஓய்வு பெற்ற ஊழியரின் மனைவி பெயர் ஓய்வூதிய ஆணையில் பிழையாக இருப்பின் திருத்தும் முறையைப் பற்றி எழுதுவேன். அதுபற்றிக் கேள்வியுள்ளோர் இம்மாத இறுதிக்குள் சங்கத்து முகவரிக்கு எழுதலாம். ஆணையின் நகலை அனுப்புவோர் நான்கு ஓரமும் தெரியும்படி எடுத்தனுப்புக.